ஏழாம் நம்பர் கட்டில் நன்றாகத் தூங்குகிறது

விஷு கழிந்த மறுவாரம் சுகதன் ஸ்ராங்குக்குத் தூக்கம் போயிற்று. ஏன் போயிற்று என்று அவருக்கே தெரியாது. வீட்டில் சண்டை இல்லை, குடிப்பழக்கம் இல்லை, மனசில் பாரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. படகுத் தொழிலாளர் சங்கத்தின் பயணிப் படகைப் பத்தொன்பது வருஷமாகக் காயலில் ஓட்டுகிற ஸ்ராங்கு. சாயந்திரம் வீட்டுக்கு வந்து சோறும் மீன்கறியும் தின்று தலையைச் சாய்த்தால், விடிகாலையில் மனைவி விலாசினி காலைப் பிடித்து இழுத்தால்தான் எழுவார். அப்பேர்ப்பட்ட தூக்கம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது.

ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். கள்ளுக்கடைக்காரர் எருமைப்பால் குடிக்கச் சொன்னார். எருமைப்பால்காரர் கள் குடிக்கச் சொன்னார். கோயில் மேல்சாந்தி தெற்கே தலை வைக்கச் சொன்னார். கட்சி ஆபீஸ் சகாவு அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கிழக்கே வைத்துப் பாருங்கள் என்று காதோடு சொன்னார். சுகதன் நாலு திசையிலும் தலை வைத்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, சட்டை தொளதொளத்துப் போயிற்று.

கர்க்கடக மாதம் பிறந்து மூன்றாம் நாள், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, காலை எட்டே முக்கால் படகு அறுபது எழுபது பேரோடு படகுத்துறைத் தூணை நோக்கி நேராகப் போனது. சுகதனின் கண் திறந்துதான் இருந்தது, தூண் மட்டும் அதில் படவில்லை. முன்பக்கம் கயிறும் கழியுமாக நிற்கிற லஸ்கர் வக்கச்சன் மூங்கில் கழியைத் தூணில் ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினார். படகு உரசிக்கொண்டு நின்றது.

"ஸ்ராங்கே, இருக்கீங்களா, போயிட்டீங்களா?" என்று கத்தினார் வக்கச்சன்.

"தெரியல வக்கச்சா" என்றார் சுகதன்.

கரையேறியதும் சுகதன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தார். நேராகச் சங்க ஆபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னார். மூணு மாசமா தூக்கம் இல்ல, இந்தக் கண்ணை நம்பி எழுபது உசிர ஏத்த எனக்கு பயமா இருக்கு, தூக்கம் வர்ற வரைக்கும் சக்கரத்தை வேற யாருக்காவது குடுங்க என்றார்.

செக்ரட்டரி உத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "தூக்கம் வரலன்னா சீட்டு கொண்டா. தூக்கம் வந்துருச்சுன்னாலும் சீட்டு கொண்டா. சீட்டு இல்லாம ஒருத்தன் தூங்கறதும் முழிக்கறதும் சங்கத்துக்குத் தெரியாது. அடுத்த மாசம், சிங்கம் ஒண்ணாம் தேதிக்குள்ள நித்திரா பீடத்துலேர்ந்து தூக்க சர்ட்டிபிக்கேட் வரணும். வரலன்னா நீ ஸ்ராங்கு இல்ல."

நித்திரா பீடம் அந்த ஜில்லாவின் பெருமை. தூக்கத்துக்கென்றே ஆயுர்வேத முறையில் நடத்தப்படுகிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. கேட்டில் 'அமைதி' என்று இரண்டு ஆள் உயரத்துக்கு எழுதி, ராத்திரியெல்லாம் கண் கூசும்படி விளக்குப் போட்டிருந்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் நித்திரா தேவி துதி போடுவார்கள். வார்டுக்கு ஒட்டினாற்போல மௌன மண்டபம் என்று ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பகலில் மழை விடாததால் கான்கிரீட் மிஷின் ராத்திரியில்தான் ஓடியது.

இயக்குநர் டாக்டர் புருஷோத்தமக் குறுப்பு வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, வெள்ளைப் புருவம். நாடியைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மத்த இடத்துல நோயாளிய பாப்பாங்க. நாங்க நோயைத்தான் பாக்கறோம். நோயாளி நடுவுல வந்தா மறைக்கும். சரி, பத்தியம் கேட்டுக்கோங்க. பகல்ல தூங்கக் கூடாது. ராத்திரி முழிக்கக் கூடாது."

"சாரே, ராத்திரி முழிச்சிருக்கறதுதான் எனக்கு நோயே."

"வெளியில இருந்த வரைக்கும் அது நோய். இந்தக் கேட்டுக்குள்ள வந்துட்டா அது பத்தியக் குறைவு." குறுப்பு முதல் தடவையாகச் சுகதனைப் பார்த்தார். "கூட்டிருப்புக்கு ஆள் இருக்கா? ஆள் இல்லாத நோயாளிய நாங்க சேர்க்கறதில்ல."

எங்கள் ஆஸ்பத்திரிகளில் நோயாளி இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம், கூட்டிருப்பதற்கு ஒரு ஆள் இல்லாமல் முடியாது. விலாசினியின் தம்பி பாகுலேயன் வந்து சேர்ந்தான். முப்பத்தெட்டு வயது, இதுவரை எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாதவன். அவனுக்கு ஒரு திறமை உண்டு. உட்கார்ந்தால் தூங்குவான், நின்றால் சாய்ந்து தூங்குவான், கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறுவதற்குள் ஒரு சுற்றுத் தூங்கி எழுவான். சுகதன் அவனைப் பார்த்த பார்வையில் பசித்தவன் ஹோட்டல் கண்ணாடி வழியாகப் பார்க்கிற ஏக்கம் இருந்தது.

"அளியா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே பாகுலேயன் கண்ணசந்தான்.

முதல் நாள் காலை பத்து மணிக்குத் தாரை. மரத்தோணியில் மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணில் துணி கட்டி, மேலே தொங்கும் சட்டியிலிருந்து இளஞ்சூட்டு எண்ணெயை நெற்றியில் நூல்போல விட்டார்கள். வெளியே மழை. எண்ணெய் இடமும் வலமுமாக நெற்றியில் நடந்தது. பத்து நிமிஷத்தில் சுகதனின் தாடை தளர்ந்தது. பதினைந்து நிமிஷத்தில் கைவிரல் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. மூன்று மாதமாக வாசலோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த தூக்கம், சட்டென்று உள்ளே வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஒரு மூச்சு நீளமாக வந்தது. இன்னொரு மூச்சு அதைவிட நீளமாக வந்தது. சுகதன் தூங்கிவிட்டார். மருந்து வேலை செய்துவிட்டது.

காதுக்கு ஒரு சாண் தூரத்தில் டாங் என்று சேங்கிலை அடித்தது.

சுகதன் துள்ளி எழுந்தார். எண்ணெய் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. எதிரே, கோயிலில் அடிக்கிற வெண்கலச் சேங்கிலையும் கையுமாகச் செல்லப்பன் நின்றான். அவனுக்குப் பீடத்தில் 'ஜாகர உதவியாளர்' என்று பதவி. நோயாளிகள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அரசாணை போட்டு உண்டாக்கிய இடம் அது.

"மணி பத்தே கால்" என்றான் செல்லப்பன், ஏதோ சுகதன் கேட்டதுபோல. "பகல் தூக்கம். முதல் தடவைங்கறதால மெல்லத்தான் அடிச்சேன்."

பயிற்சி டாக்டர் அனகா ஓடிவந்தாள், பின்னாலேயே குறுப்பும் வந்தார். படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் படித்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. "சார், இவர் மூணு மாசம் கழிச்சு இப்பதான் தூங்கினாரு. ராத்திரி முழிச்சவங்க, முழிச்சதுல பாதி நேரம் காலையில வெறும் வயித்துல தூங்கலாம்னு நம்ம பாடத்துலயே இருக்கு சார். கொஞ்சம் விட்டிருக்கலாமே" என்றாள்.

குறுப்பு புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்துச் செல்லப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"மோளே, பாடத்துல இருக்கறது பாடத்துக்கு. பீடத்துக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு. பகல்ல தூங்கினா கபம் ஏறும். கபம் ஏறின நோயாளிக்கு ராத்திரி தூக்கம் வந்தா அது எங்க மருந்தால வந்ததா, கபத்தால வந்ததான்னு எப்படிச் சொல்றது? பேர் கபத்துக்குப் போயிடாதா?"

சாயந்திரமே அனகாவுக்கு ஓலை வந்தது. அவளை மூலநோய்ப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். சுகதனின் சிகிச்சை மறுநாள் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது.

மறுநாளும் தாரையில் தூக்கம் வந்தது, சேங்கிலையும் வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பகல் தூக்கத்தில் பிடிவாதமுள்ள நோயாளி என்று அவர் கோப்பில் சிவப்பு மையில் எழுதினார்கள். தாரை நடக்கும்போது ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள், எண்ணூற்று எழுபதில் தூங்கிவிட்டார். உள்ளங்காலில் எலும்புச் சீப்பால் வருட ஒரு ஆளைப் போட்டார்கள். கடைசியில் குறுப்பே தலையிட்டு, பகல் தூக்கத்தைத் தடுக்கப் பால் சேர்க்காத கடுங்காப்பி எழுதினார். நாலு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. நாலாவது வேளை ராத்திரி எட்டு மணிக்கு.

பகல் இப்படிப் போயிற்று என்றால், ராத்திரி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடுங்காப்பி நரம்பில் ஓட, ஜன்னலுக்கு வெளியே மௌன மண்டபத்துக்குக் கான்கிரீட் கலக்க, சுகதன் ஏழாம் நம்பர் கட்டிலில் கொட்டக் கொட்ட முழித்திருப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்பக்க வராந்தாவுக்கு நடக்கப் போவார். கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிற பாகுலேயனுக்கு, தரையில் மழை ஈரம் ஊறி முதுகு குளிரும். எழுந்து பார்ப்பான், கட்டில் காலி. ஏறிப் படுத்தால் அதன் பிறகு அவனைக் கிரேன் வைத்தாலும் எழுப்ப முடியாது.

ராத்திரி மூன்று தடவை தங்கம்மா சிஸ்டர் டார்ச்சோடு வருவார். பீடத்தில் நோயாளிகளின் தூக்கத்துக்கென்று ஒரு பதிவேடு உண்டு. கட்டில் நம்பர், நேரம், தூக்கம், முழிப்பு. பெயருக்கு அதில் இடம் விடவில்லை, அகலம் போதாது. இரண்டாம் ராத்திரியே சிஸ்டர் வராந்தாவில் சுகதனைப் பிடித்தார்.

"கூட்டிருப்புக்காரங்க இந்த நேரத்துல நடமாடக் கூடாது. உள்ள போய்ப் படுங்க."

"சிஸ்டரே, நான் கூட்டிருப்பு இல்ல. நான்தான் ஏழாம் நம்பர்."

சிஸ்டர் டார்ச்சை வார்டுக்குள் திருப்பினார். கட்டிலில் ஒரு பெரிய உருவம் போர்வைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறட்டை கான்கிரீட் மிஷினோடு போட்டி போட்டது.

"ஏழாம் நம்பர் தூங்குது பாருங்க. எவ்வளவு அருமையா தூங்குது. பக்கத்துல நின்னு பேசிப் பாவம் அதை எழுப்பிடாதீங்க."

"அது என் அளியன் சிஸ்டரே. என் பொஞ்சாதியோட தம்பி. நோயாளி நான்."

"நோயாளின்னா கட்டில்ல இருப்பாங்க" என்றார் சிஸ்டர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீங்க வராந்தாவுல இருக்கீங்க."

டிக் போட்டுவிட்டு எட்டாம் நம்பருக்குப் போய்விட்டார்.

அடுத்த ராத்திரி சுகதன் பாகுலேயனை எழுப்பிப் பார்த்தார். உலுக்கினார், தண்ணீர் தெளித்தார், அக்கா செத்துப் போயிட்டா என்றுகூடக் காதில் சொல்லிப் பார்த்தார். "காலையில பாத்துக்கலாம் அளியா" என்று பாகுலேயன் திரும்பிப் படுத்தான். காலையில் கேட்டபோது, "நானா? கட்டில்லயா? சத்தியமா பாய்லதான் படுத்தேன். தூக்கத்துல எப்படியோ ஏறியிருக்கேன் போல" என்றான். அதற்கடுத்த ராத்திரி சுகதன் நடக்கப் போகாமல் கட்டிலை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் கட்டிலில் கூட்டிருப்புக்காரன் உட்காரக் கூடாது என்று அவரை இறக்கி, கீழே கிடந்த பாகுலேயனை இரண்டு அட்டெண்டரை வைத்துத் தூக்கிக் கட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டார்.

"பாவம், தூக்கத்துல உருண்டு விழுந்திருக்காரு" என்றார் சிஸ்டர்.

காலை ரவுண்டில் பாகுலேயன் டீக்கடையில் இருப்பான். சுகதன் ரத்தச் சிவப்பான கண்ணோடு கட்டிலில் இருப்பார். குறுப்பு பதிவேட்டை வாசிப்பார், முகம் மலரும்.

"ஏழரை மணி நேரம்! இடையறாத தூக்கம்! குறட்டை உத்தமம்னு எழுதியிருக்கா சிஸ்டர்."

"சாரே, நான் ஒரு பொட்டு கண்ண மூடல. என் கண்ண பாருங்க."

"சிவந்திருக்கு. தூக்கம் அதிகமானா கண்ணு சிவக்கும்." பின்னால் நின்ற மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இப்படியே இருபத்தொரு ராத்திரி. வெளியூர்ச் சபை ஒன்றில் ஏழாம் நம்பர் கட்டிலைப் பற்றிக் குறுப்பு கட்டுரை வாசித்து, பொன்னாடையோடு திரும்பினார். கர்க்கடகம் இருபத்தெட்டாம் தேதி சுகதனின் கையில் சர்ட்டிபிக்கேட் கொடுத்தார்கள். இன்னார் நாள்தோறும் இரவில் ஏழரை மணி நேரம் ஆழ்ந்து தூங்குகிறார், படகு உள்ளிட்ட எந்த வாகனத்தையும் ஓட்டத் தகுதியானவர் என்று எழுதி, கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் அரசாங்க சீல்.

அந்தக் காகிதத்துக்காகத்தான் அவர் வந்தார். பொய் சர்ட்டிபிக்கேட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு ஆயிரம் பேர் இருப்பார்கள், சுகதனுக்கு அந்த வித்தை வரவில்லை. எழுபது பேர் ஏறுவார்கள், வக்கச்சன் முன்னால் நிற்பார் என்கிற நினைப்புதான் அவருக்கு ஓடியது. புகார்க் குழுவுக்கு மனு எழுதிக் கொடுத்தார்.

குழுவில் மூன்று நாற்காலி. தலைவர் என்ற முறையில் குறுப்பு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். "புகார் என்ன?" என்று கேட்டார்.

"எனக்குத் தூக்கம் வரல சாரே. சர்ட்டிபிக்கேட்டுல இருக்கறது நான் இல்ல."

குறுப்பு எழுந்து இடப்பக்க நாற்காலிக்குப் போனார். அங்கே அவர் துறைப் பேராசிரியர். "நோயாளி தூங்கினதுக்குப் பதிவேடு இருக்கு. தூங்கலங்கறதுக்கு என்ன சாட்சி?"

"நான்தான் சாட்சி."

"தூங்கறவனுக்குத் தான் தூங்கறது தெரியாது. உங்க தூக்கத்துக்கு நீங்க எப்படிச் சாட்சியாக முடியும்?"

"ராத்திரி முழுக்க வராந்தாவுல நடந்திருக்கேன் சாரே. மிஷின் எத்தன தடவ சுத்துச்சுன்னு சொல்லட்டுமா?"

"அப்படிக் கனவு கண்டிருக்கீங்க. கனவு ஆழ்ந்த தூக்கத்துக்கு அடையாளம்." குறுப்பு வலப்பக்க நாற்காலிக்கு மாறினார். அது பொதுமக்கள் பிரதிநிதியின் இடம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனசு இளகின குரலில் பேசினார். "சுகதா, பொதுஜனத்துல ஒருத்தனா சொல்றேன். இத்தன பேர் உனக்காக உழைச்சிருக்காங்க. ஒரு ஸ்தாபனம் நீ தூங்கறேன்னு சொல்லுது. ஒத்த ஆளா நின்னுக்கிட்டு இல்லங்கறியே, உனக்கு நன்றி இருக்கா?"

பிறகு நடு நாற்காலிக்குத் திரும்பி, மனு ஒரு மனதாகத் தள்ளுபடி என்று கையெழுத்துப் போட்டார்.

சர்ட்டிபிக்கேட்டின் நகல் தபாலில் ஏற்கெனவே சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சுகதன் உத்தமனின் மேசை முன்னால் கைகட்டி நின்றார். "என்னைய லஸ்கரா போட்டுடுங்க. வக்கச்சனுக்குப் பதிலா நான் கயிறு எறியறேன். சக்கரம் மட்டும் வேண்டாம்."

"தகுதியான ஸ்ராங்க லஸ்கராக்க விதி கிடையாது. லீவு குடுக்கலாம்னா உனக்குத்தான் நோயே இல்லியே. இன்னொரு ஸ்ராங்குக்கு மஞ்சக்காமாலை. படகு நின்னா தீவுல இருக்கறவன் எப்படிப் பள்ளிக்கூடம் போவான், ஆஸ்பத்திரி போவான்? சொல்லு" என்றார் உத்தமன். "அதுவும் இல்லாம, ஒரு பீடமே சொல்லியிருக்குப்பா. நீ என்ன பெரிய டாக்டரா?"

சிங்கம் ஒன்றாம் தேதி சுகதன் சக்கரத்தைப் பிடித்தார். வக்கச்சன் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். முன்பக்கத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி, "ஸ்ராங்கே!" என்று கூப்பிடுவார். சுகதன் "ஹோய்" என்று பதில் கொடுக்க வேண்டும். மத்தியானம் வக்கச்சனின் மனைவி ரோசம்மா கட்டிக்கொடுத்த கப்பைக் கிழங்கையும் மத்தி மீன் கறியையும் இருவரும் பிட்டுத் தின்பார்கள். "தின்னுங்க, உடம்புல பலம் வந்தா தூக்கமும் வரும். தூக்கம் என்ன, கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி மாதிரிதான், ஒரு நாள் தானா வந்து நிக்கும்" என்பார் வக்கச்சன்.

நாலாம் தேதி காலை அது வந்து நின்றது.

மழை விட்டிருந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெயில். காயல் அசையாமல் கிடந்தது, என்ஜின் ஒரே சீராக முனகியது, சக்கரத்தின் பித்தளை கைக்கு இளஞ்சூடாக இருந்தது. புதுப் பாலத்துக்காகத் தண்ணீருக்குள் நட்டிருந்த தூண்களுக்கு இன்னும் கால் மைல் இருந்தது. வக்கச்சன் கூப்பிட்டார், சுகதன் "ஹோய்" என்றார். அடுத்த கூப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் எந்தச் செல்லப்பனும் வரவில்லை, சேங்கிலை அடிக்கவில்லை. சுகதன் தூங்கிப்போனார். நாலு மாதத் தூக்கமும் ஒன்றாக வந்து அமுக்கியது.

குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்த வக்கச்சன் நிமிர்ந்தபோது தூண் பத்தடியில் இருந்தது. "ஸ்ராங்கே!" என்று இரண்டு தடவை கத்தினார். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, கழியை எடுத்துத் தூணில் ஊன்றி முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினார். கழி ஒடிந்தது. படகின் மூக்குக்கும் தூணுக்கும் நடுவில் வக்கச்சன் இருந்தார். படகு திரும்பியது, பக்கப் பலகை பிளந்தது, கவிழவில்லை. இடுப்பளவு தண்ணீர் ஏறிய படகிலிருந்து எழுபத்தொரு பேரையும் மீன்பிடி வள்ளக்காரர்கள் கரைசேர்த்தார்கள். சுகதனைத் தூக்கிக் கரையில் போட்டபோதும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பக்கத்தில் வக்கச்சனைத் தென்னோலையால் மூடியிருந்தார்கள்.

தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. குறுப்பு பதிவேட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டுவந்தார். பீடத்தின் மேல் தப்பு ஏதும் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்பதற்கு முன்பே எழுந்து நின்றார்.

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு ஆழமான தூக்கத்தை நான் பாத்ததில்ல. படகு தூண்ல மோதுது, ஜனம் அலறுது, தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறுது, ஒரு மனுஷன் சாகறான், நம்ம நோயாளி முழிக்கல! எங்க எண்ணெய்க்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? இப்படிப்பட்ட வெற்றிய ஒரு சாவு நடந்ததுங்கறதுக்காக நாங்க மறைக்கணுமா? தூங்க வைக்கறது எங்க பொறுப்பு. எங்க தூங்கறான், எப்போ தூங்கறான்கறது படகுச் சங்கத்தோட பொறுப்பு."

"அப்போ இவருக்குத் தூக்கக் குறைவே இல்லங்கறீங்க?"

"ஒரு துளி இல்ல. இருபத்தொரு ராத்திரி, ஏழரை மணி நேரம். ஆனா பகல்ல தூங்கற பிடிவாதம் உண்டு. சேங்கிலை அடிச்சு எழுப்பினதுக்கெல்லாம் கோப்பு இருக்கு. திருத்தப் பாத்தோம், திருந்தல."

அனகா மூலநோய்ப் பிரிவிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பேச எழுந்தாள். தூக்கம் அவளுடைய பிரிவு இல்லை என்று உட்கார வைத்தார்கள். தங்கம்மா சிஸ்டரிடம் சுகதனைக் காட்டி, இவரைத் தெரிகிறதா என்று கேட்டார்கள். "தெரியும் சார், ஏழாம் நம்பரோட கூட்டிருப்புக்காரர்" என்று சிஸ்டர் சொல்லப்போனார். குறுப்பு இருமினார். "ஏழாம் நம்பர் சார்" என்று முடித்தார் சிஸ்டர்.

கடைசியில் பாகுலேயனைக் கூப்பிட்டார்கள். சுகதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த நம்பிக்கை அவன்தான்.

"நோயாளியோட கட்டில்ல படுத்து ராத்திரி தூங்கினது நீங்களா?"

பாகுலேயன் சுகதனைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான், வாசலில் நின்ற போலீசைப் பார்த்தான். "சாரே, கூட்டிருப்புக்காரன் கட்டில்ல படுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்க. படுத்தா சட்டப்படி குத்தம். நான் குத்தம் பண்ற ஆளா?" விலாசினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அதிகாரி முடிவைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. தூக்கமில்லாமல் தவிக்கிற ஒருவன் சக்கரத்தில் கண்ணசந்தால் அதற்கு இரக்கப்பட இடமுண்டு என்றார். ராத்திரி ஏழரை மணி நேரம் தூங்கி எழுந்து வந்து, எழுபது உயிரை வைத்துக்கொண்டு மறுபடி தூங்குகிறவனுக்கு இடமில்லை, அது சோம்பல், அது திமிர் என்றார். சுகதனை வேலையிலிருந்து நீக்கி, மனிதக் கொலை வழக்குக்குக் கோப்பை அனுப்பச் சொன்னார். பீடத்தின் ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

போலீஸ்காரர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தபோது வராந்தாவில் ரோசம்மா நின்றிருந்தாள். கறுப்புச் சேலை. கப்பை கட்டிக்கொடுத்த கையில் மடித்த நியூஸ் பேப்பர். அதில் சர்ட்டிபிக்கேட்டை அப்படியே படமாகப் போட்டிருந்தார்கள்.

"ஸ்ராங்கே" என்று கூப்பிட்டாள் ரோசம்மா. வக்கச்சன் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

"ராத்திரி ராத்திரி அத்தன நேரம் தூங்கியிருக்கீங்க. அதுவும் பத்தலியா உங்களுக்கு? என் மனுஷன் முன்னால நின்னு கத்தறான், அப்பவும் தூக்கம் பெருசாப் போச்சா?"

"நான் தூங்கல ரோசம்மே. ஒரு ராத்திரிகூடத் தூங்கல. வக்கச்சனுக்குத் தெரியும். உன் பிள்ளைங்க மேல சத்தியமா, நான் தூங்கவே இல்ல."

ரோசம்மா பேப்பரை விரித்தாள். ஊதா சீல் அச்சில் கறுப்பாக வந்திருந்தது. அதன் மேல் விரலை வைத்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பொய் சொல்லாதீங்க ஸ்ராங்கே. சர்க்கார் சீல் வச்சிருக்கு."